பொட்டாசியத்தைத் தேடிய மருமகள்

என் மாமனாரின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, பொட்டாசியம் என்றால் பத்தாம் வகுப்பில் எனக்கு மதிப்பெண் போன இடம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இப்போது நிறையத் தெரியும். அந்த அறிவு எங்கள் வீட்டை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்குடியைச் சுற்றிக் கண்டனூர், பள்ளத்தூர், புதுவயல் என்று ஓடிய டவுன் பஸ்களில் அவரிடம் டிக்கெட் வாங்காதவர்கள் குறைவு. பல வருடமாக இருந்த ரத்தக்கொதிப்பு அவருடைய கிட்னியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது. மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்துபோகும் கிட்னி டாக்டர்தான் அதைக் கண்டுபிடித்தார். பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும், சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டும், இறங்காவிட்டால் டயாலிசிஸ் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்றார். ஒரு பொடியும் எழுதிக் கொடுத்தார். ஈரமணலைக் கரைத்துக் குடிப்பது போல இருக்கிறது என்று மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டே அதைக் குடித்தார்.

டயாலிசிஸ் என்ற சொல்லுக்கு அவர் பயந்தார். டிப்போவில் கூட வேலை பார்த்த ஒருவர் மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்து அலைந்து ஓய்ந்துபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் நின்றவன், கடைசிக் காலத்தில் ஒரு மிஷினோடு கட்டிப்போட்டது போலப் படுக்க மாட்டேன் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டார். ஆகவே அந்தப் பொட்டாசியத்தை இறக்குவது எங்கள் வீட்டுக்கு உயிர்ப்பிரச்சனை. அந்தப் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

நான் தபால்வழியில் பி.காம். படித்தவள். ஒரு டைல்ஸ் கடைக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். டாக்டர் கொடுத்த தாளில் இருந்த ஆங்கில வார்த்தை ஒன்றைப் போனில் தட்டியதும் ஒரு வீடியோ வந்தது. கறுப்புத் திரையில் ஒரு பெண்ணின் கை மட்டும் தெரியும். அந்தக் கை பச்சை மையால் எழுதிக்கொண்டே போகும், குரல் விளக்கிக்கொண்டே வரும். உயிர்வேதியியலும் ஊட்டச்சத்தும் முழுப் பாடமாக, இலவசமாக, வரிசையாக இருந்தன. முகம் தெரியாத அந்தக் கையை நான் ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

முதலில் வேகத்தைக் குறைத்துவைத்துக் கேட்டேன். அப்போது டீச்சர் மயக்க மருந்து கொடுத்தவர் போலப் பேசுவார். பிறகு சாதாரண வேகம். தலைக்கனம் ஏறிய பிறகு ஒன்றரை மடங்கு. குழம்பு கொதிக்கும்போது அமினோ அமிலம், துணி காயப்போடும்போது கொழுப்பு. சிட்ரிக் அமிலச் சுழற்சிக்கும் மாமாவின் பொட்டாசியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அதையும் பார்த்தேன். ஒருநாள் ‘காரைக்குடியிலிருந்து ஒரு மாணவி’ என்று கீழே கருத்து எழுதினேன். டீச்சர் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டார். அதைக் கணவரிடம் காட்டினேன். அவர் யாரு இந்தம்மா என்றார். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

கற்றதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. கண்டனூரில் ஒரு கல்யாணம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டை அதற்காகத் திறந்திருந்தார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரம்மாவுக்கு, இனிப்பாக வைத்திருந்த கறுப்புக் கவுனி அரிசியின் நிறம் எந்த வேதிப்பொருளால் வருகிறது, அதில் போட்ட சர்க்கரை ரத்தத்தில் எந்த வழியாக நுழைகிறது என்று விளக்கினேன். அந்த அம்மா பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். நான் அதை என் விளக்கத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

என் பாடத்தை முழுசாக உட்கார்ந்து கேட்டவர் மாமா ஒருவர்தான். செல்லின் சுவரில் ஒரு பம்ப் இருக்கிறது, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே ஏற்றும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மூணு பேரு எறங்கி ரெண்டு பேரு ஏறுனா, அந்த வண்டி நட்டத்துலதான் ஓடும்.”

அதற்காகத்தான் உடம்பு சக்தியைச் செலவழிக்கிறது என்றேன். டீசல் செலவையும் சேர்த்தால் இன்னும் நட்டம் என்றார். அன்றைக்கு அவர் சிரித்தார். அப்படி அவர் சிரித்ததை அதற்குப் பிறகு வெகுநாள் நான் பார்க்கவில்லை.

என் ஆட்சி தொடங்கியது. இளநீர், வாழைப்பழம், தக்காளி, கீரை, முருங்கைக்காய், பருப்பு, கருப்பட்டி எல்லாவற்றுக்கும் தடை. மற்ற காய்களிலிருந்து பொட்டாசியத்தை வெளியே எடுக்கும் முறையை டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்தால் பொட்டாசியம் தண்ணீருக்கு இறங்கிவிடும். இதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. எங்கள் பக்கத்தில் கத்தரிக்காய், வாழைக்காய், உருளைக்கிழங்கு எதை நறுக்கினாலும் கறுத்துப்போகாமல் இருக்க அரிசி களைந்த தண்ணீரில்தான் போட்டுவைப்போம். டீச்சர் சொல்வதை நாங்கள் என்றைக்கோ செய்துகொண்டிருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிட்டேன். நம் முன்னோர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் கிண்டல் செய்கிறவள், அன்று குடும்பக் குழுவில் நானே அப்படி ஒன்றை எழுதிப் போட்டேன்.

காயை ஊறவைப்பேன், வடிப்பேன், கழுவுவேன், மறுபடி வேகவைத்து வடிப்பேன். அதற்குப் பிறகு அந்தக் காயில் பொட்டாசியமும் இருக்காது, காயும் இருக்காது. மாமா அதையும் சாப்பிட்டார். அவருக்கு ருசியாக நான் விட்டுவைத்தது மண்டி ஒன்றுதான். அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் வரமிளகாயும் தாளித்து, வெண்டைக்காயைப் போட்டுக் கொதிக்கவைப்பது. பருப்பு இல்லை, தக்காளி இல்லை, தேங்காய் இல்லை. பாடத்தின் எந்த வரியிலும் மண்டி மேல் குற்றம் இல்லை. அதனால் தாராளமாக ஊற்றினேன். அவர் கிண்ணத்தில் வாங்கித் தனியாகவும் குடிப்பார்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது.

டாக்டர் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஊறவைப்பது, வடிப்பது, வேகவைப்பது எல்லாவற்றையும் டீச்சரின் வார்த்தைகளிலேயே ஒப்பித்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, நீங்கள் இந்தப் படிப்புப் படித்தவரா என்றார். இல்லை, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று அடக்கமாகச் சொன்னேன். அந்த அடக்கத்தைக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தாலும் அத்தனை நன்றாக வந்திருக்காது. வீட்டில் இவ்வளவு சரியாக நடக்கிறதென்றால் வெளியில் ஏதோ சாப்பிடுகிறார் என்றார் டாக்டர். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. கணக்கு சரியாக இருந்து இருப்பு உதைத்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

வீட்டுக்கு வந்து மாமாவைக் கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“நான் திங்கல ஆத்தா.”

நான் நம்பவில்லை. வாயைக் கட்டுவது கஷ்டம்தான், ஆனால் உயிர் முக்கியமில்லையா என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் சாயங்காலம் நடந்து போகும் வழியில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருவர் தள்ளுவண்டியில் இளநீர் விற்பார். அவரிடம் போய், எங்கள் மாமனார் வந்து கேட்டால் கொடுக்காதீர்கள், கிட்னிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் மறுநாளே அது மாமாவின் காதுக்கு வந்துவிட்டது. அந்த ஸ்டாண்டில் முப்பது வருடம் விசிலடித்தவர் அவர். டீக்கடையிலிருந்து பூக்கடை வரை அவரைத் தெரியாதவர்கள் இல்லை.

அன்று அவர் நடக்கப் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினார். என்னைக் கூப்பிட்டார். சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். கண்ணாடிக்கூடு, கைக்குட்டை, மாத்திரை அட்டை. மஞ்சள் பையையும் தலைகீழாக உதறிக் காட்டினார்.

“எத்தனையோ செக்கர் என் பையத் தடவியிருக்காக. ஒருத்தராச்சும் தப்புக் கண்டுபிடிச்சதில்ல. நீயும் பாத்துக்க.”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானோ, வெளியில் சாப்பிட்டதைப் பையில் எப்படிக் காட்ட முடியும் என்று மனதுக்குள் தர்க்கம் பேசிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து அவர் நடக்கப் போவதை நிறுத்திவிட்டார். சாப்பாடும் குறைந்துபோனது. சோறு இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளிவைப்பார். எனக்கு மனசு கேட்காது. இதையாவது குடியுங்கள் மாமா என்று இன்னும் ஒரு கரண்டி மண்டி ஊற்றுவேன்.

அதற்கடுத்த பரிசோதனையில் டாக்டரே கொஞ்சம் அதிர்ந்துபோனார். அன்று பகல் முழுக்க மாமாவை அங்கேயே படுக்கவைத்து ஊசி போட்டு இறக்கி அனுப்பினார்கள். அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் சின்ன ஆபரேஷனைச் செய்து டயாலிசிஸுக்குத் தயாராகிவிடலாம் என்றார் டாக்டர். மாமா எதிர்த்துப் பேசவில்லை. அவர் எதிர்த்துப் பேசாததுதான் என்னைப் பயமுறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டு, நீயாவது நம்புகிறாயா என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மாமா திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்படி ஒரு நிலைமையில் எந்தப் புத்தியுள்ள பெண்ணும் செய்யாத காரியத்தை நான் செய்தேன். நானே ஒரு பாடம் நடத்தி வீடியோ எடுப்பது என்று முடிவு செய்தேன். டீச்சர் ஆங்கிலத்தில் சொல்வது நம் பக்கத்துப் பெண்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? கிட்னி நோயாளிக்குக் காய் தயாரிக்கும் முறையைத் தமிழில் நான் சொன்னால் எத்தனை குடும்பம் பிழைக்கும்! எங்கள் குடும்பம் பிழைக்கிற வழியைக் காணோம், அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். கணவர் போனைப் பிடித்தார். டீச்சரைப் போல முகம் காட்டாமல் கையை மட்டும் காட்டலாம் என்று திட்டம். ஆனாலும் சேலை மாற்றினேன்.

ஒரே மூச்சில் பேசி முடித்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது. கணவரும் நன்றாக இருக்கிறது, வெளிச்சம்தான் கொஞ்சம் பத்தவில்லை என்றார். காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்து, என் பாடத்தை நானே பார்க்க உட்கார்ந்தேன்.

திரையில் என் கை தெரிகிறது. வளையலெல்லாம் எடுப்பாக இருக்கிறது. பாத்திரத்திலிருந்து கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் அரித்தெடுத்து வேறு பாத்திரத்தில் போடுகிறது. என் குரல் சொல்கிறது: காயில் இருந்த பொட்டாசியமெல்லாம் இப்ப இந்தத் தண்ணிக்கு வந்துருச்சு. அடுத்ததாக அந்தக் கை அந்தத் தண்ணீரை அப்படியே தூக்கி, பக்கத்து அடுப்பில் தாளித்து வைத்திருந்த மண்டிச் சட்டியில் ஊற்றுகிறது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பாத்திரத்தின் அடியில் தங்கியதையும் அலசி ஊற்றுகிறது.

நான் காப்பியைக் கீழே வைத்தேன். மறுபடி போட்டுப் பார்த்தேன். மறுபடியும் அந்தக் கை ஊற்றியது.

அரிசி களைந்த தண்ணீரை வீணாகக் கொட்டக் கூடாது, அது மண்டிக்கு என்பது எனக்குப் பாவாடை கட்டிய வயதில் வந்த பழக்கம். அதில் காய் கிடந்ததா கிடக்கவில்லையா என்று கை பார்ப்பதில்லை. டீச்சர் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது வெறும் தண்ணீரை, இது மண்டிக்கான தண்ணீராயிற்றே. ஒவ்வொரு காயிலிருந்தும் பொட்டாசியத்தைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, வீட்டில் எல்லோருடைய பங்கையும் சேர்த்து, ருசியாகத் தாளித்து, அந்த மனுஷருக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். போதாததற்கு இன்னும் ஒரு கரண்டி என்று உபசாரம் வேறு.

போனை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அவர் படுத்திருந்தார். வீடியோவைக் காட்டினேன். அவருக்குப் புரியாதோ என்று பொட்டாசியம் எப்படித் தண்ணீரில் கரையும், செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு எப்படிப் பரவும் என்றெல்லாம் விளக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. அவர் முழுவதும் கேட்டார். எழுந்து உட்கார்ந்தார்.

“அப்ப நான் திங்கல. அதானே சொல்ற?”

“ஆமா மாமா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் பரவலைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

அன்றோடு அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. மண்டி நின்றது. டாக்டரின் அடுத்த வருகைக்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. திருக்கோஷ்டியூர் பெருமாளுக்கும் ஒன்று நேர்ந்துகொண்டேன். இவ்வளவு அறிவியல் படித்தவள் பெருமாளிடம் போகலாமா என்று கணவர் கேட்டார். கேட்கட்டும்.

பொட்டாசியம் இறங்கியிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார், முகம் மலர்ந்திருந்தது. ஆபரேஷன் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மாமாவைப் பார்த்து, பெரியவரே, இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள், இத்தனை நாளாக என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றார்.

மாமா ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“எளநீ சார். பஸ் ஸ்டாண்டுல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செக்கர்கள் தடவியும் ஒன்றும் கிடைக்காத மனுஷர், என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அந்த ஆஸ்பத்திரி அறையில் திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரைத் திட்ட ஆரம்பித்தார். நான் இடையில் புகுந்து, இல்லை டாக்டர், நான்தான், காய் ஊறிய தண்ணீரை மண்டியில் ஊற்றிவிட்டேன், அவர் எதையும் தொடவில்லை என்றேன். டாக்டர் மதுரைக்காரர். மண்டி என்றால் அவருக்கு நெல் மண்டி. நான் விளக்கினேன். வீடியோ இருக்கிறது, காட்டட்டுமா என்றும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“மாமனாரை விட்டுக்கொடுக்க மாட்டீங்களே. இவ்வளவு விவரம் தெரிஞ்ச நீங்க அப்படிச் செய்வீங்களாம்மா?”

சத்தியமாக நான்தான் என்றேன். சரி சரி என்று சொல்லிவிட்டு மணியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியில் வந்ததும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், கேட்கிறவர் சிரிக்கிறார். ஏன் மாமா பொய் சொன்னீர்கள் என்று அவரிடம் பாய்ந்தேன். அவர் ஆட்டோவுக்காக ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

“நெசத்தச் சொன்னேன், வீட்டுல ஒருத்தரும் நம்பல. ஒரு பொய்யச் சொன்னேன், டாக்டரு ஒடனே நம்பிட்டாக.”

குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். அந்த அறைக்குள் ஒரு நிமிடம்கூட என்னால் தாங்க முடியாததை, இந்த மனுஷரைத் தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரவைத்துத் தாங்கச் சொல்லியிருக்கிறேன். செறிவு, பரவல், பம்ப் என்று அத்தனையையும் அவருக்குச் சொன்ன என் வாயில் ஒரு வார்த்தை மட்டும் அன்றுவரை வரவே இல்லை.

“என்னைய மன்னிச்சுருங்க மாமா.”

ஆட்டோ வந்து நின்றது. அவர் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, எனக்கும் இடம் விட்டு அங்குட்டு நகர்ந்துகொண்டார்.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா, அம்புட்டுப் பாடத்தையும் கேட்டுருக்க வேணாம்ல ஆத்தா.”